ஒழுங்கையும் உறுதியும் அயலானும்



பங்குத் தந்தையின் வாசலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆத்தும காரியமாகவே வருகிறார்கள் என்று யாராவது நினைத்தால், அவர் ஒரு நாளாவது குருமனை விறாந்தையில் இருந்து பார்க்க வேண்டும். கலியாண ஓலைக்கும் ஞானஸ்நானப் பத்திரத்துக்கும் வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக, வேலி என்றும் ஒழுங்கை என்றும் வருகிறவர்களே அதிகம். "சுவாமி, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று தொடங்கும் முறைப்பாடு, பெரும்பாலும் ஓர் அடி நிலத்தைப் பற்றியது. கேட்டு முடிக்கும்போதோ, அது இரண்டு குடும்பங்களின் முப்பது வருட உறவைப் பற்றியதாகி விடும்.

அப்படியான ஒரு முறைப்பாட்டோடு இந்தத் தவக்காலச் சிந்தனையைத் தொடங்குகிறேன். ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன். இது எங்கள் ஊர்க் கதைதான் என்று பல ஊரவரும் நினைத்தால் அதில் பிழை இல்லை.

ஒன்பது அடி ஒழுங்கை

பெருந்தெருவிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கை. அதன் இரு பக்கமும் இரண்டு வீடுகள். இரண்டும் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஒரு வீட்டு இளைஞன் தவணைக்கு ஓர் ஓட்டோ வாங்கினான். தன் வளவுக்குள் அதை விட இடமில்லை; சகோதரிக்குச் சீதனமாகக் கட்டிய வீடு முற்றத்தை எடுத்துவிட்டது. ஆகவே இரவில் ஓட்டோ ஒழுங்கையிலே நின்றது. எதிர்வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார், பிறகு சொன்னார், பிறகு சத்தமிட்டார், பிறகு பொலிசுக்குப் போனார். இளைஞனோ, "ஒழுங்கை பொது; உமக்கு மாத்திரம் எழுதித் தந்ததோ?" என்று கேட்டான். கோயிலிலே ஒரே வாங்கில் இருந்த இரண்டு குடும்பங்களும் ஆண்கள் பக்கத்திலும் பெண்கள் பக்கத்திலும் இரு கோடிகளுக்குப் பிரிந்தன.

கடைசியில் நில அளவையாளரை அழைத்தார்கள். உறுதியிலே ஒழுங்கையின் அகலம் ஒன்பது அடி. தரையிலே அளந்தபோது ஏழரை அடிதான். காணாமற்போன ஒன்றரை அடி எங்கே? அளவையாளர் பழைய படத்தை விரித்து இரு பக்கமும் கல்லைத் தேடினார். இந்தப் பக்கம் முக்கால் அடி. அந்தப் பக்கமும் முக்கால் அடி! வருடந்தோறும் வேலி அடைக்கும்போது நாலு விரல், இரண்டு விரல் என்று கதியால் நகர்ந்திருக்கிறது. தகப்பன்மார் நகர்த்தினார்களோ பாட்டன்மார் நகர்த்தினார்களோ, யாருக்கும் தெரியாது. ஒருவரையொருவர் கள்ளன் என்று திட்டிய இருவரும், பொதுவானதிலிருந்து சரிசமமாக எடுத்திருந்தார்கள். அன்று இருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் வேலியை மட்டும் ஒருவரும் பின்னுக்கு எடுக்கவில்லை.

எல்லைக் கல்லைப் பற்றி வேதாகமம்

பிரியமானவர்களே, எல்லை வழக்கு நம்மோடு பிறந்ததல்ல. அயலானுடைய எல்லைக் கல்லை நகர்த்தக் கூடாது என்று உபாகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது; அதே நூலின் 27ஆம் அதிகாரத்தில், அப்படிச் செய்பவன்மேல் விழும் சாபத்துக்குச் சனங்கள் எல்லோரும் ஆமென் சொல்லும்படி கேட்கப்படுகிறார்கள். யாரும் காணாத இரவிலே செய்யக்கூடிய பாவங்களின் வரிசையிலே அது வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். கல்லை நகர்த்துகிறவன் பகலில் நகர்த்துவதில்லை.

நமது நாட்டிலே 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் ஒரு காணியைப் பத்து வருடம் இடையூறின்றி, சொந்தக்காரனுக்கு எதிரான உரிமையோடு ஆண்டு வந்தால், அது தனக்குரியதென்று அவன் நீதிமன்றத்திலே கேட்கலாம். முடிவில்லாமல் வழக்குகள் நீளாதிருக்க இப்படி ஒரு சட்டம் தேவை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு அந்தப் பத்து வருடக் கணக்குச் செல்லாது. தெரிந்துகொண்டு எடுத்த நாலு விரல் நிலம், பத்து வருடத்துக்குப் பிறகும் அயலானுடைய நாலு விரல் நிலந்தான். சட்டம் மறக்கலாம், மனச்சாட்சி மறக்கக் கூடாது.

அரசர்களின் முதலாம் நூல் 21ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆகாப் அரசனுக்கு எத்தனையோ நிலங்கள் இருந்தன. ஆனாலும் அரண்மனைக்கு அருகே இருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின்மேல் அவனுக்குக் கண். எதற்கு? கீரைத் தோட்டம் வைப்பதற்கு! முன்னோர் தந்த நிலம் என்று நாபோத் மறுத்ததும், அரசன் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலிலே படுத்துவிட்டான். வழக்குத் தோற்று வந்த நம் ஊர்ப் பெரியவர்கள் சிலரை அது நினைவூட்டவில்லையா? ஆனால் அந்தக் கோபம் கட்டிலோடு நிற்கவில்லை. பொய்ச் சாட்சியிலே ஏறி, நாபோத்தின் இரத்தத்திலே போய் முடிந்தது. கீரைப் பாத்தியில் தொடங்கியது கொலையிலே முடிந்தது.

இதற்கு நேர்மாறாக இன்னொருவரைக் காட்டுகிறது ஆதியாகமம் 13ஆம் அதிகாரம். ஆபிரகாமின் மந்தைக்கும் லோத்துவின் மந்தைக்கும் மேய்ச்சல் நிலம் போதவில்லை. வேலைக்காரரிடையே சண்டை. இன்று வாகனம் விட இடம் போதாதது போல, அன்று ஆடுமாடு விட இடம் போதவில்லை! ஆபிரகாம் வயதிலே மூத்தவர், வாக்குறுதி பெற்றவர். முதற் தெரிவு தனக்கே என்று அவர் சொல்லியிருக்கலாம். அவரோ, நாம் உறவினர், நமக்குள் சண்டை வேண்டாம் என்று சொல்லி, முதலில் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தம்பி மகனுக்கு விட்டுக்கொடுத்தார். லோத்து செழிப்பான யோர்தான் சமவெளியை எடுத்தான். ஆபிரகாம் நட்டப்பட்டாரா? லோத்து பிரிந்து போன பிறகுதான், கண்களை உயர்த்தி நாற்றிசையும் பார் என்று ஆண்டவர் அவரிடம் சொன்னார். விட்டுக்கொடுத்தவனுடைய பார்வைக்கே ஆண்டவர் தேசத்தை விரித்தார்.

கடல் கடந்த வேலிகள்

இன்று நம் பிள்ளைகளும் சகோதரரும் கனடாவிலும் இங்கிலாந்திலும் வீடு வாங்கி வாழ்கிறார்கள். அங்கே கதியால் இல்லை, கிடுகு இல்லை. ஆனால் வழக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். வீட்டுத் திட்டங்களிலே வீடு வாங்குகிறவன், அந்த வீட்டோடு பல நிபந்தனைகளையும் சேர்த்து வாங்குகிறான். வீட்டு முன்றலிலே லொறி, வான் நிறுத்தக் கூடாது. விருந்தாளியின் தரிப்பிடத்திலே சொந்தக் காரை விடக் கூடாது. இன்ன உயரத்துக்கு மேலே வேலி போடக் கூடாது. கோழி வளர்க்கக் கூடாது என்று பல. வானத்தை நம்பிப் பிழைக்கிற ஏழை கமக்காரனைப் போல, வானை நம்பிப் பிழைக்கிற ஒரு தொழிலாளி அந்த வானை வீட்டு வாசலில் நிறுத்த முடியாமல் தவிப்பதும், அயலவன் அதைப் படம் பிடித்து நிர்வாகத்துக்கு அனுப்புவதும், பிறகு இருவரும் முகம் பாராமல் வாழ்வதும் அங்கே சாதாரணம்.

இந்த நிபந்தனைகளுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1808ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரின் லெஸ்ரர் சதுக்கத்திலுள்ள பூந்தோட்டத்தை டல்க் என்பவர் விற்றார். அதன்மேல் கட்டடம் எழுப்பாமல் திறந்த தோட்டமாகவே பேண வேண்டும் என்று வாங்கியவரிடம் உறுதிமொழி பெற்றார். அது பல கைமாறி மொக்சே என்பவரிடம் வந்தது. என் உறுதியிலே அந்த வாக்கு எழுதப்படவில்லை, நான் கட்டுவேன் என்றார் அவர். 1848ஆம் ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வாக்கு இருப்பதை அறிந்தே வாங்கியவன் அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டவன். அத்தோட்டம் இன்றும் திறந்த வெளியாகவே இருக்கிறது. அயலவருக்கு ஒரு துண்டு வானமும் நாலு மரமும் மிஞ்சின. நிபந்தனை என்றாலே தீமை என்று சொல்ல முடியாது. நோயாளர் வண்டி போக வழி விடு, தீயணைக்கும் வண்டி நிற்கும் இடத்தை மறியாதே என்று சொல்லும் விதி, அயலானை நேசி என்ற கட்டளையின் சிறு பிள்ளையே.

ஆனால் அதே சட்டக் கருவி வேறு கைகளிலே என்னவாயிற்று என்பதையும் பாருங்கள்.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே ஒரு தெருவிலுள்ள வீட்டுக்காரரிலே 30 பேர், 1911ஆம் ஆண்டு கூடி ஓர் உடன்படிக்கை செய்தார்கள். கறுப்பு இனத்தவரும், மொங்கோலிய இனத்தவர் என்று அவர்கள் குறிப்பிட்ட ஆசிய மக்களும் 50 வருடத்துக்கு அந்த வீடுகளிலே குடியிருக்கக் கூடாது என்பதே அது. 1945ஆம் ஆண்டு ஷெலி என்ற கறுப்பினக் குடும்பத்தார், இந்த நிபந்தனையை அறியாமல் அத்தெருவிலே ஒரு வீட்டை வாங்கினார்கள். அயலவர் வழக்குத் தொடுத்தனர். மாநில உயர் நீதிமன்றம் அயலவர் பக்கம் நின்றது. 1948ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், இப்படியான உடன்படிக்கைகளை அரசின் நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்க முடியாது என்று தீர்த்தது. வீடு விற்பனையில் இன பேதம் காட்டுவதைச் சட்டமே தடை செய்ய 1968ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நகரத்துக் கத்தோலிக்கர் என்ன செய்தார்கள்? 1947ஆம் ஆண்டு பேராயர் யோசேப் றிற்றர், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே கத்தோலிக்கப் பாடசாலையில் சேர்க்கும்படி கட்டளையிட்டார். பெற்றோரில் ஒரு பகுதியினர் தங்கள் பேராயருக்கு எதிராகவே வழக்குப் போடப் புறப்பட்டார்கள். அப்படிச் செய்வோர் திருச்சபைக்குப் புறம்பாவர் என்று பேராயர் எச்சரித்த பின்பே அவர்கள் அடங்கினார்கள். பூசை கண்டு நற்கருணை வாங்கிய மக்கள் அவர்கள்! கோயிலுக்குப் போவதால் மட்டும் வேலி விழுந்துவிடுவதில்லை என்பதற்கு இது சாட்சி.

நம்மவர் இன்று நிறைந்து வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் இந்தப் பழக்கம் இருந்தது. ரொறன்ரோவுக்கு அருகே ஒரு காணியின் உறுதி, யூதருக்கும் விரும்பத்தகாத நாட்டவருக்கும் அதை விற்கக் கூடாது என்றது. 1945ஆம் ஆண்டு நீதியரசர் மக்கே அந்த வாசகம் செல்லாது என்று தீர்த்தார். ஹியூரன் ஏரிக்கரையிலுள்ள இன்னொரு குடியிருப்பின் உறுதியிலே யூதரோடு கறுப்பரும் நிறத்தவரும் விலக்கப்பட்டிருந்தனர். 1950ஆம் ஆண்டு கனடிய உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளியது. நிறத்தவர் என்றால் யார்? நீங்களும் நானும். அந்த வேலிகள் அன்று விழாதிருந்தால், இன்று நம் பிள்ளைகள் எத்தனை வாசல்களிலே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்!

எழுதப்படாத உறுதி

இதுவரை கேட்டு, அந்த வெள்ளைக்காரர் செய்தது அநியாயம் என்று தலையசைத்தீர்கள். நல்லது. இப்போது நம் ஊருக்கு வருவோம்.

நம் ஊர்களிலே எந்த நொத்தாரிசும் எழுதாத ஓர் உறுதி உண்டு. அதற்கு முத்திரை இல்லை; கையொப்பம் இல்லை; ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். இந்தக் குறிச்சியிலே இன்னாருக்குக் காணி கொடுக்கக் கூடாது. கூடுதல் விலை தந்தாலும் அவர்களுக்கு விற்கக் கூடாது. விற்றால் அயலட்டைக்கு முகம் கொடுக்க முடியாது. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவனிடம், "தம்பி, நீங்கள் எந்தப் பகுதி?" என்று கேட்கிறோம். ஊரை அறிவதற்காகவா கேட்கிறோம்? சாதியை அறிவதற்காகவே கேட்கிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும்; பதில் சொல்பவருக்கும் தெரியும். வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திய அந்தக் கையே, ஞாயிற்றுக்கிழமை நற்கருணைக்காக நீளுகிறது.

ரொறன்ரோவிலே நமக்கு எதிராக எழுதியிருந்தால் அது அநியாயம். நாம் இங்கே மற்றவனுக்கு எதிராக எழுதாமலே எழுதியிருந்தால் அது வழமையா? ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைக்க ஆண்டவர் நம்மை அனுமதிக்கவில்லை. பூமியின் செல்வங்கள் மனுக்குலம் முழுவதற்கும் உரியவை என்று 1965ஆம் ஆண்டு 2ஆம் வத்திக்கான் சங்கம் போதித்தது. சொந்தக் காணி வைத்திருப்பதை அச்சங்கம் மறுக்கவில்லை. ஆனால் சொந்தம் என்ற சொல், அயலான் என்ற சொல்லை அழித்துவிடக் கூடாது என்பதே அதன் கருத்து.

உடன்படிக்கை என்பது நமக்குப் பரிசுத்தமான சொல். ஒவ்வொரு பூசையிலும் புதிய உடன்படிக்கையின் இரத்தத்தை நினைவுகூருகிறோம். அந்த உடன்படிக்கையிலே, உள்ளே வரக் கூடாதவர்கள் என்று எவருடைய பெயரும் எழுதப்படவில்லை.

என் சொந்தப் பாவம்

மற்றவருக்குப் போதிக்கிறவன் தன் வாசலையும் பார்க்க வேண்டும். முன்பு நான் பணி செய்த ஒரு பங்கிலே, திருநாள் நாளன்று வந்த வாகனங்கள் கோயிலுக்கு அடுத்திருந்த ஒரு சைவக் குடும்பத்தின் படலையை முற்றாக மறைத்துவிட்டன. அவ்வீட்டுப் பெரியவர் அமைதியாக வந்து, "சுவாமி, மகள் வேலைக்குப் போக வேணும், ஒரு வாகனத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கோ" என்றார். சுற்றுப்பிரகாரம் புறப்படும் நேரம். "ஐயா, வருசத்திலே ஒரு நாள்தானே, கொஞ்சம் பொறுங்கோவன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அன்று மாலைப் பிரசங்கம் நல்ல சமாரியனைப் பற்றியது! அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்து அனுப்பினார். அடுத்த திருநாளுக்கு அந்தப் படலைக்கு முன்னால் ஒரு கயிறு கட்டி, ஒரு பையனைக் காவல் வைத்தோம். அதற்குச் செலவானது பத்து முழக் கயிறு மட்டுந்தான்.

என்ன செய்யலாம்?

பலர் கேட்பார்கள்: அப்படியானால் கிறீஸ்தவன் தன் உரிமையைக் கேட்கவே கூடாதா? கேட்கலாம். நாபோத் கேட்டான், ஆண்டவர் அவன் பக்கமே நின்றார். எளியவனின் வழியை வலியவன் மறித்தால், விட்டுக்கொடு என்று எளியவனுக்குப் போதிப்பது நியாயம் அல்ல. விட்டுக்கொடுக்கும் புண்ணியம் முதலில் அதிகம் உள்ளவனுக்கே உரியது. ஆபிரகாம் அப்படியே செய்தார்.

ஆனால் கேட்கிற முறை ஒன்று உண்டு. மத்தேயு 18ஆம் அதிகாரத்திலே யேசு நாதர் ஒழுங்கு சொல்லித் தந்திருக்கிறார். முதலில் அவனிடம் தனியாகப் போ. கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதன் பிறகே சபைக்குச் சொல். நாம் அதைத் தலைகீழாக்கி விட்டோம். முதலில் ஊருக்குச் சொல்கிறோம். பிறகு பொலிசுக்குச் சொல்கிறோம். அவனிடம் மட்டும் கடைசி வரை சொல்வதில்லை.

நமது நாட்டிலே 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேசுவதில்லை. நீங்களே உங்கள் அயலவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். வழக்குக்காக நகையை அடகு வைப்பதற்கு முன் அந்த வாசலைத் தட்டுங்கள். அளவையாளரைத் தனித்தனியே அழைக்காமல், கூலியைப் பகிர்ந்து ஒருவரை அழையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சண்டையைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்காதீர்கள். காணியைப் பிரித்துக் கொடுக்கலாம். பகையைப் பிரித்துக் கொடுத்தால் அது ஒவ்வொரு பங்கிலும் முழுதாகவே இருக்கும்.

மாமரத்தின் கீழே

ஒன்பது அடி ஒழுங்கையின் கதையை நான் முடிக்கவில்லை. அளவையாளர் வந்து போன சில மாதங்களின் பின், முறைப்பாடு கொடுத்தவரின் வயதான தாய் ஒரு நாள் சாமத்திலே விழுந்துவிட்டார். வந்த வாகனம் ஒழுங்கைக்குள் நுழைய முடியவில்லை. குறுகிய வழியிலே ஓட்டோ நின்றது. அதன் முன் சில்லுக்குக் காற்றில்லை. கதிரையிலே இருத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் மகன் பிடித்தார். மறுபக்கம் இருட்டிலே ஓடி வந்து பிடித்தவன் அந்த ஓட்டோக்காரப் பொடியன். இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் கதிரை சரியாமல் இருக்க வேண்டுமென்றால், இருவரும் ஒரே அடியாகக் கால் வைக்க வேண்டியிருந்தது.

கிழவி பிழைத்து வந்தார். அவரைப் பார்க்கப் போனபோது இரு வீட்டாரையும் அழைத்திருந்தேன். நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த பிரசங்கத்துக்கு வேலை இருக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே அவர் மகனைப் பார்த்துச் சொன்னார்: "வேலியைப் பின்னுக்கு எடு தம்பி. அவன் ஓட்டோவைக் கொண்டுவந்து எங்கடை மாமரத்துக்குக் கீழை விடட்டும். நான் சும்மாதானே இருக்கிறன், பாத்துக்கொள்ளுறன்."

இரு பக்கமும் முக்கால் அடி பின்னுக்குப் போயிற்று. ஒழுங்கை மறுபடியும் ஒன்பது அடியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளிலே அந்தத் தாய் கோயிலுக்கு வருவது அந்த ஓட்டோவிலேதான்.

அன்பானவர்களே, பலிபீடத்திலே காணிக்கை வைக்க வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்று ஆண்டவர் நமக்குக் கற்பித்தார். நமக்கு மற்றவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அல்ல, மற்றவனுக்கு நம்மேல் இருந்தால் என்று சொன்னதைக் கவனியுங்கள். பாஸ்குத் திருநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய எண்ணியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு மாலை, உங்கள் வேலியோரமாக ஒரு முறை நடந்து பாருங்கள். படலையைத் திறந்து எதிர் வாசலுக்குப் போங்கள். தூரம் ஒன்பது அடிதான்.

சமாதானத்தின் அரசராகிய ஆண்டவர் உங்கள் இல்லங்களையும் உங்கள் அயலையும் ஆசீர்வதிப்பாராக.